யோகம் வரமாட்டன் எண்டிட்டா

இஞ்ச இருங்கோ தங்கச்சி, இந்த வாங்கில இடம் இருக்கு. பெட்டியை என்ர பக்கம் தள்ளி விடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் அந்தக் கவுண்டர்க்காரனோட கதைச்சுப்போட்டுத் திரும்பேக்க வாய்க்குள்ள ‘கோதாரி’ எண்டு சொன்னீங்கள். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. லுசாக்கா எயாப்போட்டில நிண்டு கோதாரி எண்டு சொல்ல எங்கட சனத்தை விட்டால் வேற ஆர்?

எந்த ஊர்? மானிப்பாயோ? நான் சங்கானை. பாருங்கோ, அங்க எண்டால் சைக்கிளில போற தூரம், கண்டும் இருக்கமாட்டம். இஞ்ச வந்து ஒரு வாங்கில இருக்கிறம். என்னைச் சபா மாஸ்ரர் எண்டுதான் எல்லாருக்கும் தெரியும். இரத்தினசபாபதி எண்டு முழுசாச் சொன்னால் இந்தச் சனம் நாக்கைக் கடிச்சுப் போடும்.

மினிஸ்ற்றிக் கார் வரும் எண்டவங்களோ? வரும். கட்டாயம் வரும். எப்ப வரும் எண்டு மட்டும் கேக்கக் கூடாது. என்ர பிளேனும் அப்பிடித்தான், மத்தியானம் எண்டாங்கள், இப்ப பின்னேரம் எண்டுறாங்கள். லண்டனில மாறி ரொறன்ரோ போறன். தமையன் அங்க. அவர்தான் ஸ்பொன்சர் பண்ணினவர். நீங்கள் ஆபிரிக்காவுக்குள்ள வாறீங்கள், நான் வெளிய போறன். உங்களுக்கு எங்க போட்டிருக்கு? வடக்குப் பக்கமோ! அப்ப எங்கட ரவுணைத் தாண்டித்தான் போவீங்கள். வேற றோட்டு இல்லை.

தனியத்தான் போறன். ஓம். ரிக்கற் ரெண்டு எடுத்தது. என்ர மனுசி யோகம் வரேல்லை. வரமாட்டன் எண்டிட்டா.

ஏன் எண்டு கேக்காதேங்கோ. கேட்டால் எனக்கு விசர் வரும்.

நீங்கள் படிப்பிக்கப் போறது பயோலொஜியோ? நல்லது. நான் கணக்கு. பயப்படாதேங்கோ, பிள்ளையள் தங்கமான பிள்ளையள். எத்தினையோ மைல் நடந்து வருங்கள், வந்து வேர்வையோட இருந்து படிக்குங்கள். ரீச்சர் உள்ளுக்கு வந்தால் எழும்பி நிக்கிற மரியாதையை எங்கட பிள்ளையளிட்டக் கூட நான் காணேல்லை. பிரியாவிடைக்கு ஹெட்மாஸ்ரர் அழுதிட்டார். பிள்ளையள் மேளம் அடிச்சுப் பாடினதுகள். என்ர பேரை வைச்சுப் பாட்டுக் கட்டிப் பாடினதுகள். ஒரு மாஸ்ரருக்கு அதைவிட வேற என்ன வேணும்? சட்டப்படி பாத்தால் நான் இருந்திருக்கலாம். கொன்ராக்ற்றை இன்னும் ஒருக்கால் நீட்டித் தந்திருப்பாங்கள். ஆனா இருக்கேலாது. கடையில சவுக்காரம் இல்லை, எண்ணெய் இல்லை, சம்பளக் காசை வீட்டுக்கு அனுப்பவும் ஏலாது. ஊருக்குத் திரும்புவம் எண்டால் அங்க ஆமியும் சண்டையும். சங்கானைச் சந்தையில செல் விழுந்ததாம். அப்ப மிச்சமிருக்கிறது கனடா ஒண்டுதான். இதில என்ன பிழை? சொல்லுங்கோ. நானென்ன உல்லாசத்துக்கோ போறன்?

எல்லாம் வடிவாப் போய்க்கொண்டிருந்தது தங்கச்சி. இன்ரவியூவிலதான் அவ முதல் குழப்பினது.

விசா இன்ரவியூவுக்கு ரெண்டு பேரையும் இஞ்ச லுசாக்காவுக்குக் கூப்பிட்டவங்கள். நல்ல மனிசி ஒருத்தி, வெள்ளைக்காரி, சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டா. என்ன வேலை, எங்க தங்குவீங்கள், தமையனுக்கு எத்தினை அறை வீடு. எல்லாத்துக்கும் நான் பதில் சொன்னன். பிறகு ‘பிள்ளையள்?’ எண்டு கேட்டா. நான் ‘இல்லை’ எண்டன். அதே நேரத்தில பக்கத்தில இருந்து யோகம் சொல்லுறா, ‘ஒண்டு’ எண்டு.

அந்த மனிசி பேனையைக் கீழ வைச்சிட்டா. எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கிறா.  எவ்வளவு பாடுபட்டு எடுத்த காரியம்! ‘மன்னிக்கோணும், என்ர மனுசிக்கு இங்கிலீசு அவ்வளவு விளங்காது, பதட்டப்பட்டிட்டா’ எண்டு சொல்லிச் சமாளிச்சன். யோகம் கொன்வென்ரில படிச்சவ. என்னைவிட நல்லா இங்கிலீசு பேசுவா. ஆனா அந்த நேரத்தில வேற என்ன சொல்லுறது? அவ என்னை ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. கையை மடியில வைச்சுக்கொண்டு இருந்தா.

பிள்ளை இருந்ததுதான். பொய் சொல்லேல்லை அவ. நாங்கள் வந்த புதுசில, மிஷன் ஆசுப்பத்திரியில பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. என்ர அம்மாவின்ர நெத்தி. காய்ச்சல் வந்தது, ரெண்டு நாளில பிள்ளை கண்ணை மூடிட்டுது. முப்பத்தொராம் நாள் துடக்குக் கூடக் கழியேல்லை. எங்களுக்கு அது கழிச்சுத்தானே பேர் வைக்கிறது? பேர் வைக்க முந்தியே போட்டுது.

நான் முறைப்படிதான் எல்லாம் செய்தனான். பச்சைப் பிள்ளையை எரிக்கிறேல்லைத்தானே, தாழ்க்கிறதுதானே. பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு போறேல்லை. நானும் ஹெட்மாஸ்ரரும் இன்னும் ரெண்டு ரீச்சர்மாரும் போனம். ரவுணுக்கு வெளியில ஒரு மேட்டு நிலம். என்ர கையாலதான் இறக்கினன். கல்லு நடேல்லை, குறி வைக்கேல்லை. பச்சைப் பிள்ளைக்கு எட்டாம் நாள் சடங்கும் இல்லை, அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே? எங்கட பெரியாக்கள் காரணத்தோடதான் அப்பிடி வைச்சவை. குறி இருந்தால் மனம் அங்கயே நிக்கும். நான் வந்து யோகத்திட்டச் சொன்னன், ‘எல்லாம் முடிஞ்சுது, இனி அதை நினையாத, இன்னொண்டு வரும்’ எண்டு.

எங்க தாழ்த்தது எண்டு கேட்டா. உனக்கு ஏன் அது எண்டன்.

நான் அழேல்லை எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. அழுதனான். கிணத்தடியில நிண்டு அழுதனான். மற்ற நாள் பள்ளிக்கூடம் போயிட்டன். பாடம் நிண்டால் பிள்ளையளுக்குத்தானே நட்டம். இன்னொண்டு வரும் எண்டு இருந்தம், வரேல்லை. அது விதி. அதோட அந்தக் கதையை நான் வீட்டில எடுக்கிறதில்லை. அவவும் எடுக்கிறதில்லை. மறந்திட்டா எண்டுதான் நினைச்சன். எட்டு வருசம் ஒரு சொல்லுச் சொல்லாத பொம்பிளை, விசாக்காரிக்கு முன்னால இருந்து ‘ஒண்டு’ எண்டால் நான் என்னெண்டு நினைக்கிறது?

இன்ரவியூ முடிஞ்சு பஸ்ஸில ஒரு பகல் முழுக்கப் பயணம். அவ யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு வந்தா. நான் பாணும் வாழைப்பழமும் வாங்கிக் குடுத்தன். சாப்பிட்டா. சாப்பிட்டவதானே, அப்ப கோவம் ஒண்டும் இல்லை எண்டு நினைச்சன்.

விசா கிடைச்சுது. நான் சாமான் கட்டத் துவங்கினன். புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தன். மேசை கட்டிலைப் புதுசா வந்த மாஸ்ரருக்கு வித்தன். அவ ஒண்டும் கட்டேல்லை. காலமை எழும்பி வளவைக் கூட்டுறா, கோழிக்குத் தீன் போடுறா, கத்தரிக்குத் தண்ணி விடுறா. போற வீட்டில ஆர் கத்தரிக்குத் தண்ணி விடுவினம்? தையல் மெசினை விக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தன். ‘அதை விக்கவேண்டாம்’ எண்டா. ‘கனடாவுக்கு உதையும் தூக்கிக்கொண்டு போறதோ’ எண்டு சிரிச்சன். ‘நான் கொண்டு போகேல்லை. நான் வரேல்லை’ எண்டா. அவ்வளவுதான். சத்தம் போடேல்லை, அழேல்லை. வந்தவனுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பினா.

எனக்குத் தெரியும், உது அவவின்ர மூளை இல்லை. பக்கத்து வீட்டு மிசிஸ் முசொண்டாவின்ர வேலை. எங்கட பள்ளிக்கூடத்தில மனையியல் படிப்பிக்கிற மனிசி. சிரிச்சால் நாலு வீட்டுக்குக் கேக்கும். எனக்கு அவவைப் பெரிசாப் பிடிக்காது. நேரம் காலம் இல்லாமல் எங்கட குசினிக்குள்ள வந்து இருப்பா. ரெண்டு பேரும் என்ன கதைக்கினம் எண்டு எனக்கு விளங்காது, யோகம் இஞ்சத்தைப் பாசையை நல்லாப் பிடிச்சிட்டா. நான் படிக்கேல்லை. பள்ளிக்கூடத்தில எல்லாம் இங்கிலீசுதானே, எனக்கு என்ன தேவை?

நான் கேட்டன், ‘முசொண்டாவோ சொல்லித் தந்தது?’ எண்டு. அப்பதான் யோகம் கதை சொன்னா. கேளுங்கோ தங்கச்சி, எட்டு வருசமா என்ர வீட்டுக்குள்ள நடந்த கதையை நான் போன மாசம்தான் கேட்டன்.

பிள்ளையைத் தாழ்த்துப்போட்டு நான் பள்ளிக்கூடம் போன அண்டைக்கு, முசொண்டா வீட்டை வந்தவவாம். வந்து, நிலத்தில இவவுக்குப் பக்கத்தில இருந்து, பிள்ளையின்ர பேர் என்ன எண்டு கேட்டவவாம். பேர் இல்லை எண்டு இவ சொல்ல, அந்த மனிசி பதைச்சுப் போனவவாம். பேரில்லாமல் ஒரு பிள்ளையை எப்பிடி மண்ணுக்க விடுறது, அது எங்க போய் நிக்கும், ஆர் அதைக் கூப்பிடுவினம் எண்டு அழுதவவாம். பிறகு தன்ர தாயின்ர பேரைப் பிள்ளைக்கு வைச்சவ. அந்தக் கிழமையே ஹெட்மாஸ்ரரின்ர மனுசியிட்ட இடத்தை விசாரிச்சு, யோகத்தைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போயிருக்கினம். சனிக்கிழமை சந்தை எண்டு சொல்லிப்போட்டு. நான் சந்தைக்குப் போட்டு வாறா எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டில இருந்து கொப்பி திருத்தினனான். வெங்காயமும் வாங்கிக்கொண்டுதானே வந்தவ!

சுடலைக்குப் பொம்பிளை போறதோ? அதுவும் புருசனுக்கு ஒளிச்சு? என்னட்டக் கேக்காமல் என்ர பிள்ளைக்கு அயல் மனிசி பேர் வைக்கிறதோ? தகப்பன் நான் உயிரோட இருக்கிறன். நீங்கள் நிலத்தைப் பாக்கிறீங்கள். நான் சொல்லுறது பிழையோ?

சரி, இதையும் கேளுங்கோ. இந்த ஊர்ச் சனத்திட்ட ஒரு வழக்கம் இருக்கு. பிள்ளை பெத்தவளை அவளின்ர பேர் சொல்லிக் கூப்பிடமாட்டினம். இன்னாரின்ர தாய் எண்டு, பிள்ளையின்ர பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவினம். பனா எண்டால் தாய். பனா, அதுக்குப் பின்னால பிள்ளையின்ர பேர். யோகத்தை எல்லாரும் ‘பனா’ எண்டு என்னவோ சொல்லித்தான் கூப்பிடுறவை. தண்ணிக்குப் போற மனிசியள், மா விக்கிறவ, ஹெட்மாஸ்ரரின்ர மனுசி, எல்லாரும். மாஸ்ரரின்ர பெண்சாதி எண்டு மரியாதையாக்கும் எண்டு நான் நினைச்சன். பின்னால வாற சொல்லை நான் கவனிக்கேல்லை. அது அந்தப் பிள்ளையின்ர பேராம்.

யோகம் சொல்லுறா, ‘உங்கட தங்கச்சியின்ர கலியாணத்துக்கு ஊருக்குப் போனம், ஞாபகம் இருக்கோ? ஆலாத்தித் தட்டை நான் கையில எடுத்தன். உங்கட அண்ணற்ற மனுசி வந்து மெள்ள வாங்கி, நாலு பெத்தவளிட்டக் குடுத்தா. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்.’ எனக்கு ஞாபகம் இல்லை தங்கச்சி. கலியாண வீட்டில தட்டு ஆர் கையில இருந்தது எண்டு ஆர் பாக்கிறது? அவ சொல்லுறா, ‘அந்த மனுசியின்ர வீட்டுக்குத்தான் இப்ப போறம். அங்க நான் பிள்ளை இல்லாதவ. இஞ்ச நான் ஒரு பிள்ளையைப் பெத்தவ. விடிய வாசல்ல நிண்டு என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுகினம். அங்க ஆர் கூப்பிடுவினம்? நீங்கள் கூப்பிடுவீங்களோ?’

 விசா மாசக் கடைசியோட முடியுது எண்டு சொன்னன். உண்மைதானே. அதுக்குள்ள போய் இறங்காட்டில் எல்லாம் பாழ். அவ ‘ஓம், நீங்கள் போங்கோ’ எண்டா.

நான் வெருட்டியும் பாத்தன். கெஞ்சியும் பாத்தன். என்ன சாப்பிடுவாய் எண்டு கேட்டன். மிஷன் சிஸ்ரரிட்டச் சொல்லி, பெண் பிள்ளையளுக்குத் தையல் படிப்பிக்கிற வேலை எடுத்து, பெர்மிற்றும் எடுத்து வைச்சிருக்கிறா. எனக்குத் தெரியாமல்! இருக்கிறது முசொண்டா வீட்டுப் பின் அறையில. இவ்வளவும் செய்தவ, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? எட்டு வருசத்தில ஒரு நாள், ஒரு சனிக்கிழமை, ‘வாங்கோ, நீங்களும் வாங்கோ’ எண்டு கூப்பிட்டிருக்கலாமே? கூப்பிட்டால் நான் போயிருப்பனோ எண்டது வேற கதை. கூப்பிட்டிருக்கலாம்.

நேற்று விடிய பஸ். எனக்கு மாப்புட்டு அவிச்சு, சம்பலும் அரைச்சுக் கட்டித் தந்தா. சேட்டுக்குப் பொத்தான் தைச்சுத் தந்தா. குளிருக்கு உள்ளுடுப்பு மறக்காமல் போடச் சொன்னா. ஒரு பொம்பிளை புருசனை வேண்டாம் எண்டால் இப்பிடிச் செய்வாளோ? அதுதான் எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை. கொஞ்ச நாள் போக மனம் மாறி வருவா. தமையனும் அப்பிடித்தான் சொல்லுவார். பேப்பர் எல்லாம் திருப்பிச் செய்யலாம், காலம் எடுக்கும், அவ்வளவுதான்.

பஸ் நிலையத்துக்கு அயல் பொம்பிளையள் எல்லாம் வந்தவை. எனக்குக் கச்சான் கடலை அவிச்சுக் கொண்டந்து தந்தவை. முசொண்டா கையைப் பிடிச்சு நல்லாப் போட்டு வாங்கோ எண்டா. நான் கையை இழுத்துக்கொண்டன். பிறகு பாக்கிறன், எல்லாரும் யோகத்தைச் சுத்தி நிக்கினம். பஸ் பிந்தி, வெயிலும் ஏறிட்டுது. ஒருத்தி அவவின்ர தோளைப் பிடிச்சு, பனாவோட அந்தப் பேரைச் சேர்த்துக் கூப்பிட்டு, நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. என்ர காதில விழுந்தது தங்கச்சி. வடிவா விழுந்தது. ஆனா நான் அந்த நேரம், பெட்டியை மேல போட்டவன் கயிறு கட்டுறானோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். பஸ் எடுத்திட்டான்.

கொஞ்சம் பொறுங்கோ. என்ன சொல்லுறாங்கள்? லண்டன் எண்டுதானே சொன்னாங்கள்? ஓம், என்ரதான். உள்ளுக்கு வரட்டாம். சனம் எழும்புது, எழும்பட்டும். கடைசியாப் போறன்.

ஒரு உதவி கேக்கட்டோ? உங்கட கார் எங்கட ரவுணில கட்டாயம் நிக்கும், அங்கதான் பெற்றோல் அடிக்கிறவங்கள். ஒரு பத்து நிமிசம் இறங்கி யோகத்தைப் பாருங்கோ. எங்கட பாசையில கதைக்க அவவுக்கு இனி அங்க ஒருத்தரும் இல்லை. நான் நல்லாத்தான் போனன் எண்டு சொல்லுங்கோ. புட்டு முழுக்கச் சாப்பிட்டன் எண்டு சொல்லுங்கோ. வீடு கண்டுபிடிக்கிறது சுகம். பெற்றோல் செட்டுக்குப் பக்கத்தில சந்தை. அதுக்குள்ள போய் ஆரிட்டயும் கேளுங்கோ. யோகம் எண்டு கேக்காதேங்கோ, ஒருத்தருக்கும் விளங்காது. மிசிஸ் சபா எண்டும் கேக்காதேங்கோ, அது பள்ளிக்கூடத்துக்குள்ளதான். பனா எண்டு சொல்லி...

பனா எண்டு...

எனக்கு அந்தப் பேர் தெரியாது தங்கச்சி. நேற்று முழுக்க பஸ்ஸில இருந்து யோசிச்சுப் பாத்தன். என்ர முதல் வகுப்பில இருந்த பிள்ளையளின்ர பேரை இண்டைக்கும் வரிசையாச் சொல்லுவன். மூலெங்கா, சாண்டா, புவல்யா, கப்வே. அதில ஒண்டோ எண்டு ஒவ்வொண்டா வாய்க்குள்ள சொல்லிப் பாத்தன். இல்லை. எட்டு வருசம் என்ர வாசல்ல நிண்டு கூப்பிட்ட பேர். அவ சொல்லேல்லை. நான் கேக்கேல்லை எண்டு சொல்லுவா. தாய்தானே சொல்லோணும்?

முசொண்டா எண்டு கேளுங்கோ. மனையியல் ரீச்சர், சிரிப்புக்காரி எண்டால் காட்டுவினம். அங்க போனால் யோகம் நிப்பா. எனக்காகத்தான் கேக்கிறீங்கள் எண்டு காட்டிக்கொள்ளாதேங்கோ. பொம்பிளையள் கதைக்கிற மாதிரி, பிள்ளைக்கு என்ன பேர் எண்டு கேளுங்கோ. இல்லை, இல்லை. நான் கேட்டனான் எண்டே சொல்லுங்கோ. சபா கேட்டவர் எண்டு சொல்லுங்கோ.

இந்தாங்கோ, இது தமையன்ர விலாசம். பேரை மட்டும் எழுதி அனுப்பினால் காணும். இங்கிலீசில எழுதாதேங்கோ, அதை நூறு விதமா வாசிக்கலாம். தமிழ் எழுத்தில எழுதுங்கோ. நான் அதைப் பிழையாச் சொல்லிப் போடக்கூடாது.